விசில் டீச்சரின் பதினாறு அறைப் பெட்டி

பத்தொன்பது ஆண்டுகள். அவ்வளவு காலமும் அந்தப் பள்ளி மைதானத்தில் ஒரு பிள்ளையின் மூக்குக்கண்ணாடிகூட உடையவில்லை. இந்தக் கணக்கை வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான்: அங்கே விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் விசில். காதில் விழும் தூரத்தில் அவர் இருந்தால் மட்டும் பின்னால் 'டீச்சர்' ஒட்டிக்கொள்ளும்.

கண்ணாடிகள் உடையாததற்குக் காரணம் ஒரு தகரப் பெட்டி. ஒரு காலத்தில் சாக்பீஸ் வந்த பெட்டி. உள்ளே அட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சொருகிப் பதினாறு அறைகள். ஒவ்வோர் அறைக்கும் அடியில் பழைய திரைச்சீலைத் துணி, மேலே சிவப்பு மையில் எண். விளையாட்டு வகுப்பு தொடங்குவதற்கு முன் கண்ணாடி போட்ட பிள்ளைகள் வரிசையாக வந்து, கழற்றி, மடித்து, அவரவர் அறையில் வைக்க வேண்டும். அடுத்தது சோதனை. டீச்சர் கையை நீட்டி விரல்களைக் காட்டுவார்.

"எத்தனை?"

"மூணு டீச்சர்."

"பந்து தெரியுதா?"

"தெரியுது டீச்சர்!"

"ஓடு."

தெரியவில்லை என்று சொல்கிற பிள்ளை மைதானத்தின் ஓரப் படியில் உட்கார்ந்து புள்ளி எழுத வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளில் அப்படிச் சொன்னவர்கள் இரண்டே பேர். இருவரும் மழைச்சேறு கிடந்த நாட்களில் சொன்னவர்கள்.

பெட்டி பிறந்த கதையை எல்லோருக்கும் அவரே சொல்லியிருக்கிறார். ஒரு பையன், ஆறாம் வகுப்பு. கால்பந்து முகத்தில் பட்டுக் கண்ணாடி நொறுங்கிப் புருவத்துக்குக் கீழே ஏறிவிட்டது. ஏழு தையல். ஒரு சில்லை டீச்சரே தன் நகத்தால் பிடுங்கி எடுத்தார். அரிசியைவிடச் சின்னது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் வெகுநேரம் நின்றிருந்தார். பையனின் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது லாரி ஓட்டுகிறான். ஆனால் அந்த வார முடிவில் டீச்சர் அட்டையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்துவிட்டார்.

பெட்டி பெயர் வாங்கியது. ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்து, "இதுதான் பொறுப்பு" என்றார். ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் அதை மேசை மேல் வைத்துக் காட்டினார்கள். வேறு ஐந்து பள்ளிகள் அதே அளவில் செய்துகொண்டன. டீச்சர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் ஆசிரியர் அறையில், கடிகாரத்துக்கு அடியில், இன்னும் தொங்குகிறது.

காலை ஆறே முக்காலுக்கு அவர் சாமான் அறையைத் திறப்பார். ரப்பரும் துருவும் கலந்த வாடை. பந்துகளை எண்ணுவார், காற்று பார்ப்பார், ஓட்டைப் பந்துகளை ஒரு மூலையில் உருட்டிவிடுவார். கம்பிவேலியில் ஆணி நீட்டியிருக்கிறதா, கோல் கம்பத்தின் அடி ஆடுகிறதா என்று ஒரு சுற்று நடப்பார். எதையும் சும்மா விடமாட்டார். தூரப்பார்வை அவருக்கு அபாரம். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் யாருடைய ஷூ நாடா அவிழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கிட்டத்தில் பார்ப்பதுதான் நாற்பத்தைந்து வயதில் காலை வாரிவிட்டது. படிப்பதற்கு ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டார். அதைத் தினமும் தொலைப்பார்.

தண்ணீர் மீட்டர் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவருக்கு இதில் தனி ஆனந்தம். "ஊரார் வீட்டுக் கண்ணாடியை எல்லாம் பெட்டியில பூட்டி வெச்சுக் காப்பாத்தறே. உன்னோடதுக்கு நான் வாட்ச்மேன்."

"ஃபிரிட்ஜுக்குள்ள பாத்தீங்களா?"

"பாத்தேன். வெண்ணெய் பக்கத்துல இருந்துச்சு. அதுக்கும் வெண்ணெய் கிட்டத்துல தெரியணும்போல."

கொக்கு என்பது ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண். முழங்காலும் முழங்கையுமாக வளர்ந்தவள். ஹேண்ட்பால் அணியின் கோல் காப்பாளர். பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம் அது. ஆறு மீட்டர் தூரத்திலிருந்து முழு வேகத்தில் வரும். கோலுக்கு முன்னால் ஒரு குதிகாலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பாள். அதனால்தான் அந்தப் பெயர். இரண்டு கண்ணுக்கும் பவர் மைனஸ் ஏழு. அவளுடைய கண்ணாடிக்குப் பெட்டியில் நான்காம் அறை.

முந்தைய ஆண்டு பள்ளிக்குள் நடந்த ஒரு போட்டியில் பதினான்கு எறிகளில் பதினொன்றைத் தடுத்தாள். டீச்சர் அன்று ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொன்னார்: "பந்து எந்தப் பக்கம் வரும்னு அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுது. பிறவி. சொல்லிக் குடுத்து வராது." அதற்குப் பிறகு கொக்குவிடம் "பந்து தெரியுதா?" என்று கேட்கும்போதே டீச்சரின் கை விசிலுக்குப் போய்விடும். பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

ஒரு வியாழக்கிழமை. மூன்றாம் பாடவேளை. மண்டலப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. முந்தைய நாள் மழையில் எதிரணி போடும் ஆரஞ்சு மேல்சட்டைகள் சேறாகி வெளுக்கப் போயிருந்தன. பெட்டியில் பதினோரு கண்ணாடிகள் சேர்ந்தன.

"மேல்சட்டை இல்ல. எல்லாரும் பள்ளிக்கூடச் சட்டையிலயே ஆடுங்க. யார் எந்த அணின்னு மூஞ்சி தெரியும்ல, போதும்" என்றார் டீச்சர்.

கொக்கு கோலிலிருந்து இரண்டடி முன்னால் வந்தாள். "டீச்சர், ஆரஞ்சு இல்லாமலா?"

"ஏன், ஆரஞ்சு இல்லன்னா பந்து கோவிச்சுக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கொக்குவும் சிரித்தாள். பின்னால் நடந்து போய்க் குதிகாலைத் தூக்கிக்கொண்டாள்.

எட்டு நிமிடம் ஆகியிருக்கும். நடுவிலிருந்து ஒருத்தி ஓடிவந்து எறிந்தாள். கொக்கு கையைத் தூக்கவே இல்லை. பந்து இடது கண்ணில் பட்ட சத்தம் ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி இருந்தது. டீச்சருக்கு முதலில் வந்தது கோபம். "தூங்கறியா அங்க?" என்று கத்திவிட்டுத்தான் விசிலை ஊதினார். பக்கத்தில் போனபோது அவள் மண்டியிட்டிருந்தாள், அழவில்லை. அப்போது டீச்சரின் மனதில் ஓடியது இதுதான்: நல்லவேளை, கண்ணாடி பெட்டியில் இருக்கிறது.

பனிக்கட்டி வைத்தார். பத்து நிமிடம் கழித்துக் கையை நீட்டி மூன்று விரலைக் காட்டினார்.

"எத்தனை?"

"மூணு டீச்சர்."

"சரி, கண்ணாடியை எடுத்துக்கோ. கிளாஸுக்குப் போ."

வெள்ளிக்கிழமை வீங்கிய கண்ணோடு பள்ளிக்கு வந்தாள். சனிக்கிழமை வீட்டில் இருந்தாள். இடது கண்ணின் மேலோரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை இறங்கிக்கொண்டிருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மண்டலப் போட்டி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரை பாதிக்கு மேல் இறங்கிய பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு அம்மாவிடம், "அம்மா, உன் தலை தெரியல, கழுத்துலருந்துதான் தெரியுது" என்றாள்.

திங்கட்கிழமை பெரிய கண் மருத்துவமனை. கண்ணுக்குள் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை கிழிந்து, உரிந்து தொங்குகிறது என்றார் மருத்துவர். பவர் அதிகமான கண்ணில் அது ஏற்கெனவே மெலிந்திருக்குமாம். செவ்வாய்க்கிழமை அறுவை செய்து, உரிந்ததை ஒட்டி, அது மறுபடி விழாமல் அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் ஒருவகை எண்ணெயை நிரப்பினார்கள். ஒட்டியது பிடித்துக்கொண்டதா என்பது சில மாதம் கழித்து அதை எடுக்கும்போதுதான் தெரியுமாம். பார்வையின் நடுப்பகுதியும் உரிந்துவிட்டதால் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொன்னார்கள். வெளிச்சம் தெரியலாம். கை ஆடினால் தெரியலாம்.

புதன்கிழமை டீச்சர் மருத்துவமனைக்குப் போனபோது கொக்கு குப்புறப் படுத்திருந்தாள். எண்ணெய் சரியான இடத்தில் அழுத்த முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும், பல நாட்களுக்கு. கட்டிலின் தலைப்பக்கம் முகத்துக்கென்று ஒரு வளையம். அதற்குள்ளிருந்து பேசினாள்.

"வந்தது யாரு?"

"நான்தான்."

"ஷூவைப் பாத்தே சொல்லியிருப்பேன் டீச்சர், கண்ணாடி இருந்தா." பிறகு, "கண்ணுல எண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கணும்னு கோல்ல நிக்கும்போது சொல்வீங்கள்ல, நிஜமாவே விட்டுட்டாங்க" என்றாள்.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. கொக்குவின் அம்மா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்தில் காலர் மட்டும் தைப்பவர் அவர். பதினோரு ஆண்டுகளாகக் காலர் மட்டும். விரல்நுனியெல்லாம் ஊசிப்புள்ளி. கணவர் இல்லை, வீட்டில் இரண்டே பேர். டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு விதத்துல உங்களுக்குத்தான் டீச்சர் நன்றி சொல்லணும். நீங்க கண்ணாடியைக் கழட்டி வெச்சதால தப்பிச்சா. இல்லன்னா அத்தனை தூளும் கண்ணுக்குள்ள போயிருக்கும்."

"ஆமாம்மா" என்றார் டீச்சர். அது தானாக வந்தது. பத்தொன்பது ஆண்டுப் பழக்கம்.

வளையத்துக்குள்ளிருந்து, "நான்தான்மா பாக்காம நின்னேன். என்மேலதான் தப்பு" என்று குரல் வந்தது.

"விடுடி. சும்மா அதையே சொல்லிக்கிட்டு" என்றார் அம்மா. டீச்சரிடம் திரும்பி, "மூணு நாளா இதே பாட்டு. நான்தான் தப்பு, நான்தான் தப்புன்னு. தூக்கத்துலயும் சொல்றா."

கீழ்த்தளத்தில் கண்ணாடிக்கு அளவு பார்க்கும் இடம். அங்கே இருந்த இளம்பெண் ஜலதோஷத்தோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். டீச்சர் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மேல படுத்திருக்கற ஹேண்ட்பால் பொண்ணோட டீச்சரா நீங்க? ஒரு விவரம் வேணும். ஆடும்போது எந்த மாதிரிக் கண்ணாடி போட்டிருந்தா?"

"போடலை. கழட்டி வெச்சுடுவோம். எங்க பள்ளியில அது விதி. பாதுகாப்புக்கு."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினார். "மைனஸ் ஏழைக் கழட்டிட்டா கோல்ல நின்னா?"

"அவளுக்குத் தெரியும். நான் சோதிச்சுத்தான் விடுவேன்."

"எப்படிச் சோதிப்பீங்க?"

டீச்சர் கையை நீட்டி மூன்று விரலைக் காட்டினார்.

அந்தப் பெண் மேசையிலிருந்து ஒரு வட்டச் சட்டத்தை எடுத்தார். உள்ளே வில்லைகளை மாற்றிமாற்றிச் சொருகிப் பார்ப்பதற்கான கனத்த இரும்புக் கண்ணாடி. "உங்களுக்குத் தூரப்பார்வை நல்லா இருக்கா?"

"கழுகு."

"அப்போ இது சரியா வரும்." இரண்டு வில்லைகளைப் போட்டு டீச்சரின் மூக்கில் மாட்டினார். "மைனஸ் ஏழு உள்ளவங்களுக்குக் கண்ணாடி இல்லாம உலகம் இப்படித்தான் இருக்கும்."

சுவர் கரைந்துவிட்டது. எதிரே பேசிக்கொண்டிருந்த பெண் ஒரு வெள்ளைப் புகை, மேலே கறுப்புப் புகை. கண்ணும் மூக்கும் எங்கே என்று தெரியவில்லை. டீச்சர் தன் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். கைநீட்டும் தூரத்தில் விரல்கள் கலங்கலாக, ஆனால் எண்ணுகிற மாதிரி இருந்தன. மூன்று. கிட்டே, இன்னும் கிட்டே. மூக்குநுனியிலிருந்து ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில்தான் ரேகைகள் தெளிந்தன.

"விரல் எத்தனைன்னு யார் வேணும்னாலும் சொல்லிடுவாங்க டீச்சர். அது பார்வைச் சோதனையே இல்ல. இருங்க, பிடிங்க."

எதையோ எறிந்தார். டீச்சர் கையைத் தூக்கவில்லை. கன்னத்தில் வந்து மோதிய பிறகுதான் எதுவோ வந்தது என்றே தெரிந்தது. துடைக்கும் காகிதச் சுருள் ஒன்று காலடியில் உருண்டது.

சட்டத்தைக் கழற்றிய பிறகும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் ஒரு அலமாரியைத் திறந்து நீலநிறக் கண்ணாடி ஒன்றை எடுத்து வைத்தார். காதில் மாட்டும் கொக்கி இல்லை. தலைக்குப் பின்னால் இறுக்கும் பட்டை. உள்ளோரத்தில் மெத்தென்ற ரப்பர். "விளையாட்டுக்குன்னே இருக்கறது. அவங்கவங்க பவர்லயே செஞ்சு தருவோம். வில்லை நொறுங்காது. வேணும்னா சுத்தியலால அடிச்சுப் பாருங்க. வீட்டுல போடற கண்ணாடியோட ஆட விடக் கூடாதுன்னு நீங்க நினைச்சது சரி. அதுக்குப் பதிலா கண்ணே இல்லாம ஆட விட்டுட்டீங்க."

"இது எப்போ வந்துச்சு?"

"நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே இருந்துச்சு டீச்சர்."

வியாழக்கிழமை தலைமை ஆசிரியர் விபத்துப் படிவத்தை மேசைமேல் திருப்பி வைத்தார். எல்லாம் நிரப்பியாகிவிட்டது. 'காரணம்' என்ற இடத்தில், 'பந்து வருவதை மாணவி கவனிக்கவில்லை. பள்ளியின் பாதுகாப்பு விதிப்படி கண்ணாடி முன்பே அகற்றப்பட்டிருந்தது' என்று இருந்தது. கீழே டீச்சரின் கையெழுத்து மட்டும் பாக்கி.

"சார், மாணவி கவனிக்கலைன்னு எப்படிச் சார் போடறது?"

"நீங்கதான அன்னிக்கே சொன்னீங்க, கையைத் தூக்கவே இல்லன்னு?"

"அவளுக்குத் தெரியல சார். கண்ணாடியைக் கழட்டச் சொன்னது நான்."

தலைமை ஆசிரியர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கெட்டவர் இல்லை. இருவரும் ஒரே ஆண்டில் அங்கே சேர்ந்தவர்கள். "டீச்சர், உங்களுக்கு இன்னும் ஒன்னேகால் வருஷம் சர்வீஸ். அந்த அம்மா உங்களைக் கையெடுத்துக் கும்பிடறாங்க. யாரும் உங்களைக் குத்தம் சொல்லல. எரியாத அடுப்பை ஏன் ஊதறீங்க? திங்கட்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

படிவம் மூன்று நாள் அவர் கைப்பையில் இருந்தது. சனிக்கிழமை காலையில் கணவர் வழக்கம்போலப் படிக்கும் கண்ணாடியைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். டீச்சர் படிவத்தைப் படிக்கவில்லை, கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு தூக்கத்துல தப்பு என்னோடதுங்கறாளாம்" என்றார்.

வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்த கணவர் அடுப்பை அணைக்கப் போனார்.

கொக்குவின் வீடு நான்காம் மாடியில் இரண்டு அறை. மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டார்கள், குப்புறப் படுப்பது மட்டும் தொடர்ந்தது. இரண்டு பெஞ்சுகளை இடைவெளி விட்டுப் போட்டு, அந்த இடைவெளியில் முகம் வருமாறு படுத்திருந்தாள். கீழே தரையில் ஒரு பாடப்புத்தகம் திறந்து கிடந்தது. அதன் பக்கத்தைக் கையைக் கீழே தொங்கவிட்டுத் திருப்பக் கற்றுக்கொண்டிருந்தாள். அம்மா தையல் மேசையில், வீட்டுக்குக் கொண்டுவந்த காலர்களின் நூல்முனைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டுமே.

"ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லு. உனக்குப் பந்து தெரியுமா, கண்ணாடி இல்லாம?"

கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"திட்டமாட்டேன். சொல்லு."

"தெரியாது டீச்சர்."

"பின்ன எப்படிப் பிடிச்சே? பதினாலுல பதினொண்ணு?"

"ஆரஞ்சு பெரிசாச்சுன்னா கிட்ட வந்துட்டாங்கன்னு அர்த்தம். அது எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் பாஞ்சுடுவேன். அன்னிக்கு எல்லாம் ஒரே வெள்ளை. சட்டையும் வெள்ளை, எதிர்ல சுவரும் வெள்ளை." பிறகு, "நான் பொய் சொன்னேன் டீச்சர். எல்லா வாட்டியும் தெரியுதுன்னு சொன்னேன். அதான் இப்படி ஆச்சு" என்றாள்.

டீச்சர் கொக்குவின் அம்மாவைப் பார்த்துப் பேசினார். ஆனால் பெஞ்சுக்கடியில் தெளிவாகக் கேட்கும்படி. "தெரியலன்னு சொல்ற பிள்ளையை நான் படியில உக்கார வெச்சுடுவேன்மா. ஆட விடமாட்டேன். ஆடணும்னு உசிரா இருக்கற பன்னண்டு வயசுப் பொண்ணு வேற என்ன சொல்லும்? ஆரஞ்சு இல்லாமலான்னு அவ அன்னிக்கே கேட்டா. நான் கேலி பண்ணினேன். அடிபட்ட அப்புறமும் விரலைக் காட்டிட்டு கிளாஸுக்கு அனுப்பினேன். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கணும். தப்பு அவளோடது இல்ல. என்னோடது."

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "கண்ணாடி போட்டு ஆடியிருந்தா?"

"சாதாரணக் கண்ணாடின்னா உடைஞ்சிருக்கும். விளையாட்டுக்குன்னு ஒரு கண்ணாடி இருக்கு. உடையாது. பந்து வந்தா அது தாங்கிக்கும்."

"எங்க கிடைக்கும்?"

"ஆஸ்பத்திரி கீழ்த்தளத்துல."

"புதுசா வந்துச்சா?"

"இல்லம்மா. ரொம்ப வருஷமா இருக்காம்."

"நீங்க கேட்டதில்லையா?"

"கேக்கணும்னு தோணல. பெட்டி இருந்துச்சு. எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க."

அம்மா ஒரு காலரை எடுத்தார், நூலைத் தேடினார், காணவில்லை, வைத்துவிட்டார். "நான் உங்க கையைப் பிடிச்சு நன்றி சொன்னேனே டீச்சர்" என்றார் மெதுவாக. "ஆமாம்மான்னு வாங்கிக்கிட்டீங்களே."

அம்மா எழுந்து கதவைத் திறந்தார்.

"போங்க. எழுந்து போயிடுங்க. இனிமே இங்க வராதீங்க."

படியிறங்கும்போது மேலே கொக்கு அம்மாவிடம் ஏதோ கேட்பது கேட்டது. என்ன கேட்டாள் என்று புரியவில்லை. அம்மா அழுவது மட்டும் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டது.

திங்கட்கிழமை அவர் 'மாணவி கவனிக்கவில்லை' என்ற வரியைக் கோடுபோட்டு அடித்தார். அதற்குக் கீழே தன் கையால் எழுதினார்: 'கண்ணாடி இல்லாமல் மாணவியால் பந்தைப் பார்க்க முடியாது. கழற்றச் சொன்னது நான். பார்வையைச் சரியாகச் சோதிக்காமல் ஆட விட்டதும், அடிபட்டபின் மருத்துவமனைக்கு அனுப்பாததும் நான்.' கையெழுத்துப் போட்டார். இரண்டாவது தாள் ஒன்றையும் இணைத்தார். பள்ளியில் கண்ணாடி போடும் நாற்பத்தொரு பிள்ளைகளின் பட்டியல், ஒவ்வொருவருக்கும் அவரவர் பவரில் விளையாட்டுக் கண்ணாடி தேவை என்ற கோரிக்கையோடு.

தலைமை ஆசிரியர் முதல் தாளைப் படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது தாளைப் புரட்டவில்லை.

நடவடிக்கை வேகமாகத்தான் வந்தது. விசாரணை முடியும்வரை டீச்சர் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. நோட்டுப்புத்தகக் கிடங்குக்கு மாற்றினார்கள். பெட்டியைத் துணியில் சுற்றி அரக்கு வைத்துத் தலைமை ஆசிரியரின் அலமாரியில் பூட்டினார்கள். கூடவே ஒரு சுற்றறிக்கை: மறு உத்தரவு வரும்வரை, கண்ணாடி அணியும் மாணவ மாணவியர் பந்து விளையாட்டுகள் எதிலும் பங்கேற்கக் கூடாது.

நாற்பத்தொரு பேரும் இப்போது படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிடங்கின் ஜன்னல் வழியாக அந்தப் படி தெரியும். முதல் வாரம் புள்ளி எழுதினார்கள். அடுத்த வாரம் அதுவும் இல்லை. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நோட்டு வாங்க வந்தவள் வாசலில் நின்று கேட்டாள்: "உங்களாலதான எங்களை ஆட விடமாட்டேங்கறாங்க?"

"ஆமா" என்றார் டீச்சர். "கோடு போட்டதா, போடாததா?"

"கோடு போட்டது."

சனிக்கிழமைகளில் அவர் பேருந்து பிடித்து, பெட்டியை நகலெடுத்த ஐந்து பள்ளிகளுக்கும் ஒவ்வொன்றாகப் போனார். மருத்துவமனைப் பெண் இரவலாகக் கொடுத்த நீலக் கண்ணாடியும் அந்த இரண்டு வில்லைகள் போட்ட இரும்புச் சட்டமும் கைப்பையில் இருந்தன. மூன்று இடத்தில் வில்லையை மாட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியை ஓரங்கட்டினார்கள். ஒரு பள்ளியில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. செய்தி முன்னால் போய்விட்டது. ஐந்தாவது பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதான் மேடம். ஆனா எங்க பெட்டி நல்லாத்தான் போயிட்டிருக்கு. ஒரு கண்ணாடி உடைஞ்சதில்ல" என்றவர், அலமாரியைத் திறந்து காட்டினார். "உங்களோடது பதினாறுதான? எங்களோடது இருபது அறை."

மண்டலப் போட்டியில் பள்ளி அணி முதல் ஆட்டத்திலேயே வெளியேறிவிட்டது. மூன்று மாதம் ஓடியது. அதற்கிடையில் கொக்கு நிமிர்ந்து படுக்கலாம், பள்ளிக்குப் போகலாம் என்றார்கள். வலது கண்ணில் மெலிந்திருந்த இடங்களை லேசரால் தைத்தார்கள். இனி அந்த ஒரு கண்ணைக் காக்க வாழ்நாள் முழுவதும் உடையாத கண்ணாடி. பந்தாட்டம் கூடாது, நேராக ஓடலாம். படிக்கட்டில் இறங்கும்போது கடைசிப் படி எங்கே என்று காலால் தடவிப் பார்க்கிறாள். கிடங்கைக் கடக்கும்போது உள்ளே பார்ப்பதில்லை, அம்மா சொல்லியிருக்கிறார்.

போன வாரம் டீச்சரின் வீட்டுத் தொலைபேசி அடித்தது. கணவர் எடுத்து, யார் என்று கேட்டு நீட்டினார்.

"எனக்கும் கடிதம் வந்திருக்கு" என்றார் கொக்குவின் அம்மா. "விசாரணைக்கு வரணுமாம்."

"வாங்கம்மா."

"உங்களுக்காக வரல."

"தெரியும்."

"நடந்ததை நடந்தபடி சொல்வேன். நீங்க கேலி பண்ணினதையும் சொல்வேன்."

"சொல்லுங்க."

பிறகு அம்மா, "தூக்கத்துல உளர்றது நின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

விசாரணை ஒன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கு. பதினொன்றாம் தேதி கொக்குவின் இடது கண்ணிலிருந்து எண்ணெயை எடுக்கிறார்கள்.